'எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே!' - சொந்தத்துல கல்யாணம்... குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு? கணக்கு என்ன சொல்லுது?

அக்கா பொண்ணைக் கட்டலாமா, கூடாதா? மாமன் மகன் கையிலேயே இருக்கும்போது வெளியில் வரன் தேடணுமா? காரைக்கால் கோவில்பத்தில் தொடங்கி கன்னியாகுமரி வரை வீட்டுத் திண்ணைகளில் பேசித் தீராத இந்தக் கேள்வி, இப்போது ஐரோப்பிய நாடாளுமன்றங்களுக்கும் போய்விட்டது. ஒன்றுவிட்ட சகோதர, சகோதரிகளுக்கு இடையிலான திருமணத்துக்கு 2024ல் நார்வே தடை விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் கன்சர்வேடிவ் எம்.பி. ரிச்சர்ட் ஹோல்டன் இதேபோன்ற தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார்.

இங்கே நிலைமை என்ன? தேசிய குடும்ப நல ஆய்வின் 5வது சுற்றுப்படி (2019-21), நாடு முழுவதும் திருமணமான பெண்களில் 11 சதவீதம் பேர் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். தமிழ்நாட்டில் அது 28 சதவீதம். நாலு கல்யாணத்துக்கு ஒன்று சொந்தத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். இரு பக்கமும் தமிழ்நாட்டை வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கும் காரைக்காலிலும் முறைப்பெண், முறைமாப்பிள்ளை உறவு ஒன்றும் புதிதல்ல.

டாக்டர் "சொந்தத்துல பண்ணாதீங்க" என்கிறார். வீட்டுப் பெரியவர்கள் "எங்க வம்சத்துல யாருக்கும் எந்த வியாதியும் இல்லை, நாங்களும் சொந்தத்துலதான் கட்டினோம்" என்கிறார்கள். யார் சொல்வது சரி? இதற்குப் பதில் சொல்ல ஒரு சின்ன கணக்கு போதும். பத்தாம் வகுப்புப் பாடம்தான்.

பட்டாணிச் செடி சொன்ன விகிதம்

ஒரு விஷயத்துக்கு நம் உடம்பில் இரண்டு மரபணுப் பிரதிகள் இருக்கும். ஒன்று அப்பாவிடம் இருந்து, இன்னொன்று அம்மாவிடம் இருந்து. இரண்டில் எது குழந்தைக்குப் போகும் என்பது நாணயத்தைச் சுண்டிவிடுகிற மாதிரி. பூவா, தலையா. பாதிக்குப் பாதி.

இதை முதலில் எண்ணிக் காட்டியவர் கிரிகோர் மெண்டல். இன்றைய செக் நாட்டில் இருக்கும் புர்னோ நகர மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது, அடுத்த தலைமுறையில் எல்லாமே உருண்டைதான். அதற்கும் அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியது. கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. காணாமல் போனதாக நினைத்த குணம், உள்ளே ஒளிந்திருந்து பேரப்பிள்ளைகளிடம் திரும்பி வந்தது. 1866ல் அவர் வெளியிட்ட இந்தக் கணக்கை 1900 வரை உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்பது தனிக்கதை.

ரத்த வகையும் இப்படித்தான். அப்பா 'ஏ', அம்மா 'பி', பிள்ளை மட்டும் 'ஓ' என்று ரிப்போர்ட் வந்ததும் சில வீடுகளில் சந்தேகச் சண்டையே வரும். தேவையே இல்லாத சண்டை அது. அப்பாவிடம் ஒரு 'ஓ' மறைந்திருக்கலாம், அம்மாவிடம் ஒரு 'ஓ' மறைந்திருக்கலாம். அப்படி இருந்தால் ஒவ்வொரு குழந்தையும் 'ஓ' ஆகப் பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு.

ஆனால் எல்லாவற்றையும் இந்தக் கட்டத்துக்குள் அடைக்க முடியாது. உயரம், நிறம், சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு இவற்றில் பல மரபணுக்களும் சாப்பாடும் வாழ்க்கை முறையும் சேர்ந்து வேலை செய்கின்றன. "குழந்தை கலரா பிறக்குமா?" என்பதற்கு நாலில் ஒன்று, மூன்றில் ஒன்று என்று யாராவது கணக்கு சொன்னால் நம்ப வேண்டாம். ஒரே ஒரு மரபணு பழுதாவதால் வரும் நோய்களுக்குத்தான் கணக்கு பிசகாமல் வேலை செய்யும். தலசீமியா, சிக்கிள் செல் ரத்தசோகை, எஸ்.எம்.ஏ. எனப்படும் முதுகுத்தண்டுவட தசைச் சிதைவு நோய் எல்லாம் அந்த ரகம்.

கேரியர் என்றால் யார்?

இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது, இன்னொன்று நல்லது. இப்படி இருப்பவரை 'கேரியர்' என்கிறார்கள் டாக்டர்கள். நல்ல பிரதி வேலையைப் பார்த்துக்கொள்வதால் அவருக்கு நோய் இருக்காது. ஓடுவார், உழைப்பார், தொண்ணூறு வயது வரைகூட வாழ்வார். தன்னிடம் அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

கணவன், மனைவி இரண்டு பேருமே ஒரே நோய்க்குக் கேரியராக இருந்தால்தான் சிக்கல். ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. பெற்றோரைப் போலவே கேரியராக இருக்க நாலில் இரண்டு. பழுதான பிரதியே இல்லாமல் தப்பிக்க நாலில் ஒன்று.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. நோயுள்ள குழந்தைக்கு ஒரு பழுது அப்பாவிடமிருந்தும் ஒரு பழுது அம்மாவிடமிருந்தும் வந்திருக்கிறது. சரிபாதி. "உன் வீட்டு ரத்தம்தான்" என்று மருமகளை மட்டும் குற்றம் சொல்லும் மாமியார்களுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

முதல் குழந்தைக்கு வந்துடுச்சு, அடுத்த மூணும் தப்பிச்சுடுமா?

நாலில் ஒன்று என்றதும் பலர் புரிந்துகொள்வது இப்படித்தான்: நாலு குழந்தையில் ஒன்றுக்கு வரும், அது முதல் குழந்தைக்கே வந்துவிட்டது, இனி பயமில்லை. இது தவறு. பெரிய தவறு.

சுண்டிவிட்ட நாணயத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. முதல் தடவை தலை விழுந்தது அதற்கு நினைவில் இருக்காது. அதேபோல இரண்டாவது குழந்தைக்கும் அதே நாலில் ஒன்று. மூன்றாவதுக்கும் அதேதான். இரண்டு பேருக்கும் நோய் வந்த குடும்பங்கள் உண்டு. நாலு பேருமே தப்பித்த குடும்பங்களும் உண்டு. கேரியர் தம்பதிக்கு நாலு குழந்தைகள் பிறந்து, ஒருவருக்குக்கூட நோய் வராமல் இருக்கும் வாய்ப்பு 256ல் 81. அதாவது ஏறத்தாழ 32 சதவீதம்.

'வம்சத்துல யாருக்கும் இல்லை' - ஏன் இந்த வாதம் இப்போது பலிக்காது?

முக்கியமான இடம் இதுதான். தாத்தா காலத்தில் ஒரு வீட்டில் ஆறு பிள்ளைகள் சாதாரணம். கேரியர் தம்பதிக்கு ஆறு குழந்தைகள் பிறந்தால், ஒருவருக்காவது நோய் வரும் வாய்ப்பு 82 சதவீதம். பழுதான மரபணு ஓடுகிற குடும்பம் என்றால், பெரும்பாலும் அது வெளியே தெரிந்துவிடும்.

இப்போது? தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.8 என்கிறது அதே தேசிய ஆய்வு. இரண்டு குழந்தைகளோடு நிறுத்திவிட்டால், ஒருவருக்காவது நோய் வரும் வாய்ப்பு 44 சதவீதம்தான். அப்படியானால் இரண்டு பேரும் கேரியராக உள்ள குடும்பங்களிலேயே பாதிக்கும் மேல் எந்த அறிகுறியும் இல்லாமல் கடந்துபோய்விடும். மரபணு போகாது. பிள்ளைகள் அதைச் சுமந்துகொண்டு அடுத்த கல்யாணத்துக்குத் தயாராக நிற்பார்கள்.

கணவன், மனைவியில் ஒருவர் மட்டும் கேரியர் என்றால் இன்னும் மோசம். தலைமுறை தலைமுறையாகச் சத்தமே இல்லாமல் கைமாறிக்கொண்டிருக்கும். சின்னக் குடும்பங்களின் காலத்தில் "எங்க வீட்ல யாருக்கும் இல்லை" என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

சொந்தத்தில் கட்டினால் எண் எப்படி மாறுகிறது?

16 கோடி ரூபாய் ஊசி ஞாபகம் இருக்கிறதா? 2021ல் தமிழ்நாடே பேசிய, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டப்பட்ட ஊசி. எஸ்.எம்.ஏ. நோய்க்கான மருந்து அது. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் மத்திய அரசு தரும் உதவி அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் என்பதைப் பார்த்தால், பெற்றோர் ஏன் கையேந்த வேண்டி வந்தது என்பது புரியும்.

இந்த நோய்க்கு உலக அளவில் ஏறத்தாழ 50 பேருக்கு ஒருவர் கேரியர் என்று வைத்துக் கணக்குப் போடலாம்.

உறவே இல்லாத இருவர் கட்டிக்கொண்டால்: அவர் கேரியராக இருக்க 50ல் ஒன்று, இவர் கேரியராக இருக்க 50ல் ஒன்று, குழந்தைக்கு வர நாலில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் 10,000ல் ஒன்று.

மாமன் மகள், அத்தை மகன் கட்டிக்கொண்டால்: ஒருவர் கேரியராக இருக்க அதே 50ல் ஒன்று. ஆனால் ஒரே தாத்தா, பாட்டியின் பேரப்பிள்ளைகள் என்பதால் அதே பழுது அடுத்தவரிடமும் இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. நாலில் ஒன்றோடு பெருக்கினால் 1,600ல் ஒன்று.

தாய்மாமன், அக்கா மகளைக் கட்டினால்: அந்த எட்டில் ஒன்று, நாலில் ஒன்றாக ஏறிவிடும். கணக்கு 800ல் ஒன்றுக்கு வந்து நிற்கும்.

10,000, 1,600, 800. உறவு நெருங்க நெருங்க வாய்ப்பு கூடுகிறது. டாக்டர் சொல்வது சரி. அதே நேரம், அக்கா மகளைக் கட்டியவருக்கும் 800ல் 799 பங்கு இந்த நோய் வராத வாய்ப்பு இருக்கிறது. "நாங்களும் கட்டினோம், ஒண்ணும் ஆகலையே" என்று பெரியவர்கள் சொல்வதும் பொய்யில்லை.

இது ஒரே ஒரு நோய்க்கான கணக்கு. இப்படி ஆயிரக்கணக்கான அரிய நோய்கள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்தால்? இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் 11,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2013ல் 'லான்செட்' இதழில் வந்தது. பிறவிக் குறைபாட்டுக்கான வாய்ப்பு பொதுவாக 3 சதவீதம் என்றால், ஒன்றுவிட்ட உறவில் கட்டியவர்களின் குழந்தைகளுக்கு அது 6 சதவீதம் என்றது ஆய்வு. இரண்டு மடங்கு. அப்படியும் 94 சதவீதக் குழந்தைகள் குறைபாடு இல்லாமல் பிறந்தார்கள். அதே ஊரில் 34 வயதைத் தாண்டி பிள்ளை பெற்ற வெள்ளைக்காரத் தாய்மார்களுக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகத்தான் இருந்தது. அவர்களுக்குத் தடை போட வேண்டும் என்று எந்த எம்.பி.யும் மசோதா கொண்டுவரவில்லை.

வெளியில் கட்டினால் தப்பித்துவிடலாமா?

'வெளி' என்றால் எவ்வளவு வெளி என்பதைப் பொறுத்தது. சொந்தம் வேண்டாம், ஆனால் அதே சாதி, அதே உட்பிரிவு, அதே நாலு ஊர் என்றால் அது முழுக்க வெளி அல்ல. ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் தங்கராஜ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் 2017ல் தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தார்கள். அதில் 81 குழுக்கள், பழைய காலத்தில் ஒரு சிலரிடமிருந்து மட்டும் பெருகி, பிறகு தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டதன் தடயத்தைப் பலமாகச் சுமக்கின்றன என்று தெரியவந்தது. ஜாதகத்தில் எந்தப் பொருத்தமும் இதைக் காட்டாது.

சட்டம் என்ன சொல்கிறது? காரைக்காலில் ஒரு விநோதம்

இந்து திருமணச் சட்டம் 1955ன்படி மாமன் - அக்கா மகள், மாமன் மகள் - அத்தை மகன் உறவுகள் தடை செய்யப்பட்ட உறவுகள்தான். ஆனால் வழக்கத்தில் இருந்தால் செல்லும் என்று விதிவிலக்கும் அதிலேயே இருக்கிறது. தென்னிந்தியாவில் இத்தனை கல்யாணங்கள் செல்லுபடியாவது அந்த விலக்கால்தான்.

காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். 1881ல் வந்த ஆணைப்படி, தங்கள் பழைய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற தமிழர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டார்கள். பிரெஞ்சுச் சட்டத்தில் ஒன்றுவிட்ட உறவில் கட்டலாம். மாமன், அக்கா மகளைக் கட்ட முடியாது, தனி அனுமதி வாங்க வேண்டும். இந்து திருமணச் சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோதும் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று விலக்கப்பட்டது. ஒரே தெருவில், பக்கத்து வீட்டில் செல்லும் கல்யாணம் இந்த வீட்டில் செல்லாது!

அந்த பிரெஞ்சுச் சட்டத்தின் வருடம் 1804. மெண்டல் பிறந்ததே 1822ல்தான். எந்தச் சட்டமும் மரபணுவைப் பார்த்து எழுதப்படவில்லை.

தடையைவிடக் கணக்கு ஏன் பெரியது?

கோவில்பத்தில் ஒரு வீடு என்று கற்பனை செய்துகொள்வோம். பெண்ணின் தம்பிக்கு எஸ்.எம்.ஏ. இருக்கிறது. பெண் நல்ல ஆரோக்கியம். அவளை அம்மாவின் தம்பிக்கே, அதாவது தாய்மாமனுக்கே கொடுக்கப் பேச்சு நடக்கிறது. இப்போது வாய்ப்பு எவ்வளவு?

பெண் கேரியராக இருக்க வாய்ப்பு பாதி என்று பலரும் சொல்வார்கள். இல்லை. நாலு சாத்தியங்களில் நோய் என்ற சாத்தியம் அவளுக்கு ஏற்கனவே கழிந்துவிட்டது. மிச்சம் மூன்றில் இரண்டு கேரியர். ஆக மூன்றில் இரண்டு. தாய்மாமனுக்கு? அவரது அக்கா கேரியர் என்பது உறுதி, பெற்ற மகனுக்கு நோய் வந்துவிட்டதே. எனவே இவரிடம் அதே பழுது இருக்க பாதி வாய்ப்பு. குழந்தைக்கு வர நாலில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் 12ல் ஒன்று.

800 எங்கே, 12 எங்கே! இதே பெண் மாமன் மகனைக் கட்டினால் 24ல் ஒன்று. உறவே இல்லாதவரைக் கட்டினால் 300ல் ஒன்று.

இப்போது தாய்மாமன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறார். கேரியர் இல்லை என்று ரிசல்ட் வருகிறது. அந்த நொடியில் 12ல் ஒன்று என்பது கிட்டத்தட்ட பூஜ்ஜியம் ஆகிவிடும். அதே பெண், அதே மாப்பிள்ளை, அதே உறவு. மாறியது தகவல் மட்டும்தான். தடைச் சட்டத்தால் இந்த வித்தியாசத்தைப் பார்க்கவே முடியாது. அது 800ல் ஒன்றையும் 12ல் ஒன்றையும் ஒரே கோலால் அடிக்கும். 300ல் ஒன்றைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

நீலகிரியில் தொடங்கிய கதை

இந்தியாவில் சிக்கிள் செல் முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1952ல் நீலகிரிப் பழங்குடியினரிடம் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைக் கண்டார்கள். இந்த மரபணு ஒன்று மட்டும் இருந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. இரண்டாகச் சேர்ந்தால் ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து, குழாய்களை அடைத்து, தாங்க முடியாத வலி. மலேரியாக் காடுகளில் காப்பாற்றிய மரபணுதான், நாலில் ஒரு குழந்தையை வதைக்கிறது.

இதை ஒழிக்க 2023 ஜூலை 1ம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய இயக்கத்தைப் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களில், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது திட்டம். இலக்கு ஆண்டு 2047. பரிசோதித்தவர் கையில் அவரது மரபணு நிலையைச் சொல்லும் அட்டை கொடுக்கப்படுகிறது. கல்யாணம் பேசும்போது இரண்டு அட்டைகளையும் சேர்த்துப் பார்க்கலாம் என்பது யோசனை.

நல்ல யோசனைதான். ஆனால் 'கேரியர்' என்று அட்டையில் எழுதிய பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் எப்படிப் பார்ப்பார்கள்? இந்த ஊர் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. யூதர்களிடையே 1980களில் தொடங்கிய 'டோர் யெஷோரிம்' அமைப்பு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. யார் கேரியர் என்பதைச் சொல்லவே மாட்டார்கள். இருவரின் எண்களைக் கொடுத்தால், இந்த ஜோடி பொருந்துமா, பொருந்தாதா என்று மட்டும் பதில் வரும். யாருக்கும் பட்டம் கட்ட வாய்ப்பில்லை.

சைப்ரஸ் இன்னொரு வழியில் போனது. அங்கே ஏழு பேருக்கு ஒருவர் தலசீமியா கேரியர். கல்யாணத்துக்கு முன் பரிசோதனைச் சான்றிதழ் கட்டாயம் என்று 1983ல் தேவாலயமே சொல்லிவிட்டது. தலசீமியாவோடு பிறக்கும் குழந்தைகள் கிட்டத்தட்ட இல்லாமல் போனார்கள். இருவரும் கேரியர் என்று தெரிந்த ஜோடிகளில் பெரும்பாலானோர் கல்யாணத்தை நிறுத்தவில்லை என்பதுதான் பலருக்கும் ஆச்சரியம். தெரிந்தே கட்டிக்கொண்டு, கர்ப்பத்தின்போது பரிசோதனை செய்துகொண்டார்கள்.

யார், எப்போது பரிசோதிக்கலாம்?

எல்லா நோய்க்கும் சேர்த்து ஒரே டெஸ்ட் என்று எதுவும் இல்லை. குடும்பத்தில் ஏற்கனவே ஒரு குழந்தைக்கு நோய் இருந்தால், அந்தக் குழந்தையின் நோய்க்குப் பெயர் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. பெயர் தெரியாமல் கணக்கு போட முடியாது. பெயர் தெரிந்தால், அண்ணன், தங்கை, சித்தப்பா, மாமா எல்லோரும் அந்த ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

தலசீமியா, சிக்கிள் செல் இரண்டையும் எச்.பி.எல்.சி. என்ற சாதாரண ரத்தப் பரிசோதனையே காட்டிக்கொடுக்கும். நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 10,000 குழந்தைகள் தலசீமியா பாதிப்போடு பிறக்கிறார்கள். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றி வாழ வேண்டிய வாழ்க்கை அது. கல்யாணத்துக்கு முன்பு பார்ப்பது நல்லது. விட்டுவிட்டால், கர்ப்பம் உறுதியானதும் முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் கேட்கலாம்.

இருவரும் கேரியர் என்று தெரிந்தால், 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்தோ, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்தோ குழந்தையின் நிலையைப் பார்க்க முடியும். பாலினம் அறியத் தடை விதிக்கும் 1994ம் ஆண்டுச் சட்டம், மரபணு நோய்க்கான இந்தப் பரிசோதனையை அனுமதிக்கிறது. குழந்தை ஆணா, பெண்ணா என்று மட்டும் சொல்லக் கூடாது. அதன்பிறகு என்ன செய்வது என்பது தம்பதியின் முடிவு.

டெஸ்ட்டுக்கு இருவரும் ஒரே நாளில் லீவு போட்டுப் போக வேண்டும் என்றுகூட இல்லை. முதலில் ஒருவர் பார்த்தால் போதும். மனைவிக்குத் தலசீமியா, சிக்கிள் செல் இரண்டும் நெகட்டிவ் என்றால், குழந்தைக்காகக் கணவர் அந்தப் பரிசோதனைக்குப் போக வேண்டியதே இல்லை. பாசிட்டிவ் என்றால், அந்த வாரமே கணவர் போயாக வேண்டும். "எனக்கு ஒண்ணும் இல்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்று பல ஆண்கள் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். கேரியர் எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள்.